இப்போது உங்கள் வீட்டில் என்ன பாடல்?



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், நம் வகுப்பறைகள் கைப்பேசித் திரைக்குள் அடங்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நாள்களில் ஒரு காலை, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் பத்தியை வாசிப்பதற்காக ஒலிவாங்கியைத் திறந்தான். அவன் குரலுக்கு முன்பே அவன் வீட்டுப் பாடல் வகுப்புக்குள் நுழைந்துவிட்டது. சமையலறையில் அவனுடைய பாட்டி கேட்டுக்கொண்டிருந்த பழைய பக்திப் பாடல். சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரல். பையன் வெட்கப்பட்டு, "பாட்டி, சத்தத்தைக் குறைங்க" என்று கத்தினான். குறைக்க வேண்டா என்றேன் நான். உடனே வேறொரு சிறுமி ஒலிவாங்கியைத் திறந்து, "டீச்சர், எங்க தாத்தாவும் இதைத்தான் கேப்பாரு" என்றாள். அன்று நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த பாடம் வலிமிகும் இடங்கள். அது மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று.

அன்று மாலைக்கு ஒரு சிறு வேலை கொடுத்தேன். வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் இப்போது என்ன பாடல் கேட்கிறார்கள் என்று வினவி எழுதி வரவேண்டும். மறுநாள் வந்த விடைகளில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. "எங்க வீட்ல எல்லாரும் காதுல மாட்டிக்கிட்டுதான் கேப்பாங்க. அப்பா என்ன கேக்கிறாருன்னு எனக்குத் தெரியாது டீச்சர்." ஒரே கூரையின்கீழ் பத்தாண்டுகள் வாழ்ந்த பிள்ளை இவ்வாறு சொல்லும் நிலை எப்படி வந்தது? இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. இது வீட்டு இசைக் கருவிகளின் வரலாறு. கூடவே, சுவர்களின் வரலாறும் ஆகும்.

தாமஸ் எடிசன் ஒலியைப் பதியும் கருவியைச் செய்து காட்டிய ஆண்டு 1877. அதில் ஒலி பதிந்தது உருளையில். 1887இல் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழி வகுத்தார். தட்டை அச்சு வார்த்துப் பல படிகள் எடுக்க முடிந்ததால்தான் இசை ஒரு கடைப்பொருளாகி வீட்டுக்கு வந்தது. 1902இல் பிரெட் கைஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் இலண்டனிலிருந்து கல்கத்தா வந்து, கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு, 1903இல், அதே பயணத்தில் அவர் சிங்கப்பூருக்கும் வந்து மலாய்ப் பாடல்களைப் பதிந்தார் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். கௌஹர் ஜானின் தட்டுகளில் ஒரு புதுமை உண்டு. பாடி முடித்ததும் தம் பெயரை அவரே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். அங்குள்ள தொழிலாளர்களுக்கு மொழி தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று அவர்கள் அறிந்துகொள்ளவே இந்த ஏற்பாடு என்பர். ஆயினும், முகம் தெரியாத வீடுகளில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது பாடகியே நேரில் வந்து தம்மை அறிமுகம் செய்துகொண்டதைப் போல் இருந்திருக்கும் அல்லவா?

அக்காலத் தட்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 சுற்றுகள் சுழலும். அரக்கும் கனிமப் பொடியும் கலந்து செய்தது; கைதவறினால் ஓடு உடைவதுபோல் உடையும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல்தான் பாடல் அடங்கும். கச்சேரியில் ஓர் இராகத்தை அரைமணி நேரம் விரித்துப் பாடும் வித்துவான்கள், அதே இராகத்தை இந்தச் சிறிய பாத்திரத்துக்குள் சுருக்கிக் கொடுக்கப் பழக வேண்டியிருந்தது. பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும். எஃகு ஊசி விரைவில் தேயும் என்பதால் பக்கத்திற்கொரு புது ஊசி மாற்ற வேண்டும். ஆகவே, பாட்டுக் கேட்பதற்கு ஒருவர் பெட்டியருகே நின்றுகொண்டே இருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து கேட்க ஏற்ற கருவியன்று அது.

மலாயாத் தோட்டங்களில் இப்பெட்டியை வாங்கும் வசதி பால்வெட்டுத் தொழிலாளிக்கு இல்லை. என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்: அவர்கள் தோட்டத்தில் கிராணி வீட்டில் மட்டுமே கிராமபோன் இருந்ததாம். மாலையில் கிராணியார் சாவி கொடுத்துப் பாடலைப் போட்டதும் லயத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே வரச்சொல்லும் வழக்கம் இல்லை. விரட்டும் வழக்கமும் இல்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிட்டப்பாவின் பாடல்களையும் கே. பி. சுந்தராம்பாளின் பாடல்களையும் தட்டின் 'முன்பக்கப் பாட்டு', 'பின்பக்கப் பாட்டு' என்றே நினைவில் வைத்திருந்தார். நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த கிட்டப்பா 1933இல் தம் இருபத்தேழாம் வயதிலேயே மறைந்துவிட்டார். கடல் கடந்து ரப்பர்க் காட்டில் வாழ்ந்த ஒரு சிறுமி அவர் குரலை அறிந்துகொண்டாள் என்றால், அது ஒரு வேலியோரமும் ஓர் அரக்குத் தட்டும் செய்த உதவி.

வானொலிக்கு வருவோம். பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1937இல் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் நிலையம் திறந்தது. ஆனால் ஐந்தாண்டுகள்கூட நிறைவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டனர். வீட்டில் வானொலி கேட்பதே உயிருக்கு ஆபத்தான செயலாக மாறிய காலம் அது. வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டவர்கள் கடுந்தண்டனைக்கு ஆளாயினர். பேராக் மாநிலத்தின் பாப்பான் சிற்றூரில் சிபில் கார்த்திகேசு அம்மையார் சிற்றலை வானொலி ஒன்றை மறைத்து வைத்து, 'ஜோசபின்' என்று அதற்குப் பெயரும் இட்டு, இலண்டன் செய்திகளைக் கேட்டு வந்தார். 1943இல் பிடிபட்டு அவர் பட்ட வதைகளை நம் வரலாற்றுப் பாடத்தில் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாட்டோடு அதற்குத் தொடர்பில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால், அண்டை வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று அஞ்சி ஒலியைக் குறைத்து வாழ்ந்த அந்த மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகுதான், நம் மக்கள் வானொலியை உரக்க வைத்துக் கேட்ட காலம் வந்தது.

1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதில் ஒலித்தது. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட பின், அரசாங்கம் தன் செய்திகளை மக்களிடம் சேர்ப்பதற்காகப் புதுக்கிராமங்களிலும் கம்பங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. நோக்கம் பரப்புரை. மக்கள் கூடியதோ பெரும்பாலும் பாட்டுக்காக. இதை அன்றைய அதிகாரிகளும் அறிந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பாட்டு இல்லாத வானொலியைச் சுற்றி யார் நிற்பார்கள்?

டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது 1954இல், அமெரிக்காவில். அடுத்த ஆண்டே ஜப்பானின் சோனி நிறுவனமும் தன் பெட்டியைக் கொண்டுவந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது தோட்டத்து லயத்துக்குள் வந்து சேர்ந்தது. பல தோட்டங்களில் மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டுமே இருந்ததால், மின்கலத்தில் இயங்கும் பெட்டி ஒரு வரமாக அமைந்தது. மின்கலம் சோர்ந்துவிட்டால் அதை வெயிலில் காயவைத்து மீண்டும் போட்டுப் பார்ப்போம். கொஞ்ச நேரம் பாடும். பிறகு பாடகரின் குரல் முனகலாகித் தேய்ந்து நின்றுவிடும்.

லயத்து வீடுகளின் நடுச்சுவர் பலகையால் ஆனது. பல இடங்களில் அது கூரையைத் தொடாது. எனவே ஒரு வீட்டில் பாடினால் வரிசை முழுவதும் கேட்கும். நான்கு வீட்டார் ஒரே நிலையத்தை வைத்தால் பாடல் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வரும். நிலைக்கண்ணாடி முன் தலைசீவிக்கொண்டு நிற்கும் அக்காள் முதலடியை முணுமுணுப்பாள். அடுத்த வீட்டில் அம்மி அரைப்பவர் இரண்டாமடியை எடுப்பார். யார் வீட்டில் இன்று பாட்டு இல்லையோ அந்த வீட்டில் ஏதோ மனவருத்தம் என்று எங்கள் அம்மா ஊகித்துவிடுவார். ஊகம் தவறியதாக எனக்கு நினைவில்லை.

இங்கேதான் 'நேயர் விருப்பம்' என்னும் அருமையான ஏற்பாடு வருகிறது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் தரம் குறைந்தவை எனக் கருதி அனைத்திந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாமல் செய்தார். மக்கள் என்ன செய்தனர்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்துக்கொண்டனர். உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக அமைத்த வலிமையான சிற்றலை ஒலிபரப்பி போருக்குப்பின் கொழும்பு வானொலியின் கைக்கு வந்திருந்தது. அதன் வழியாக இந்தியிலும் தமிழிலும் திரைப்பாடல்கள் இந்தியா முழுவதும் கேட்டன. தமிழில் மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்கள் திரை நடிகர்களுக்கு இணையான புகழ் பெற்றனர். ஐந்தாண்டு கழித்து, 1957 அக்டோபரில், 'விவித பாரதி'யைத் தொடங்கித் திரைப்பாடலை அனைத்திந்திய வானொலி மீண்டும் வரவேற்க வேண்டியதாயிற்று. பண்டிதர்களின் அளவுகோலைக் கொண்டு வீட்டு இரசனையைத் திருத்த முனைவோருக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. (நம் பாடநூல் குழுவினரும் இதைக் கவனிக்கலாம்!)

அக்காலத்தில் விருப்பப் பாடல் கேட்டுக் கடிதம் எழுதியவர்களில் ஓர் ஊரே புகழ்பெற்றது. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள ஜும்ரி தலையா என்னும் அபிரகச் சுரங்க ஊர் அது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அவ்வூர்ப் பெயர் ஒலித்ததால், அப்படி ஓர் ஊர் உண்மையில் இருக்கிறதா, கற்பனைப் பெயரா என்றுகூடப் பலர் ஐயுற்றனராம். சுரங்கத்து மக்கள் அஞ்சலட்டை வாங்கிச் செலவழித்தது பாட்டுக்காக மட்டும் இல்லை. தம் பெயரையும் ஊர்ப் பெயரையும் நாடு கேட்க வேண்டும் என்ற ஆசை அதில் பாதி.

நம் நாட்டு வானொலியின் தமிழ்ப் பிரிவுக்கு எழுதியவர்களும் அவ்வாறே. இன்று மின்னல் எப்.எம். என அறியப்படும் அந்த ஒலியலையை, என் தலைமுறை 'நம்ம ரேடியோ' என்றுதான் சொன்னது. பாடலின் முதலடி, படத்தின் பெயர், அதன்கீழ் விரும்பிக் கேட்போர் பட்டியல் எனக் கடிதம் அமையும். பட்டியல் நீளும், பாடலைவிட நீளும். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா, மாமா பிள்ளைகள் எனப் பெயர் விடுபடாமல் எழுத வேண்டும். ஒருவர் பெயர் விடுபட்டால் அடுத்த தீபாவளி வரை பேச்சுவார்த்தை இராது. இளைஞர்கள் சிலர் பத்துப் பெயர்களுக்கு நடுவே தமக்கு வேண்டிய ஒரு பெயரை ஒளித்து வைத்து அனுப்புவதும் உண்டு. அறிவிப்பாளர் ஒன்றும் அறியாதவர்போல் வாசித்துவிடுவார். ஆனால் லயம் முழுவதற்கும் விளங்கிவிடும்.

எழுத்துப் பயிற்சி என்ற கோணத்திலும் ஓர் ஆசிரியராக இதை எண்ணிப் பார்க்கிறேன். என் தந்தையார் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் வாழ்நாளில் தமிழில் எழுதியவை மிகச் சில. வானொலிக்கு எழுதிய அஞ்சலட்டைகள் அவற்றுள் பெரும்பங்கு. எழுதும் முன் ஒரு பழைய தாளில் எழுதிப் பார்ப்பார். றகர ரகர ஐயம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். அறிவிப்பாளர் வாசிக்கும்போது தடுமாறக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

இனி ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் அதை 1963இல் அறிமுகம் செய்தது. நம் வீடுகளுக்கு அது பரவலாக வந்தது எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும். 1976இல் 'அன்னக்கிளி' வழியாக இளையராஜா வந்ததும் ஏறத்தாழ அதே காலம்தான். எங்கள் தலைமுறைக்கு இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. அறுபது நிமிட நாடாவில் பக்கத்திற்கு முப்பது நிமிடம், தொண்ணூறில் நாற்பத்தைந்து. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் நாடாக் கடைகள் பாட்டாலேயே ஆளைக் கூப்பிட்டன. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் நாடாவில் பதிந்து தருவோரும் இருந்தனர். பதிப்புரிமைப்படி அது சரியன்று. அன்று அதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்த நாடாக்களின் உறையில் கையெழுத்தில் இருக்கும் பட்டியல், ஒரு மனிதர் அந்த ஆண்டு என்ன கேட்டார், எந்த வரிசையில் கேட்டார் என்பதைச் சொல்லும் ஆவணம். நண்பர்கள் நாடாவை இரவல் வாங்கும்போது முதலில் படிப்பது அதைத்தான்.

பாட்டைத் தனிமைக்குள் கொண்டுசென்ற பெருமையோ பழியோ வாக்மனைச் சேரும் என்பர். 1979 ஜூலையில் சோனி வெளியிட்ட முதல் வாக்மனைப் பற்றி அறிந்தபோது எனக்கு வியப்பு. அதில் காதணி ஒலிப்பான் செருக இரண்டு துளைகள் இருந்தன! ஒருவர் மட்டும் தனியே கேட்பது மரியாதைக் குறைவு என்று நிறுவனத் தலைவர் அக்கியோ மொரிட்டா கருதியதே காரணம். ஒரு பொத்தானும் இருந்தது. அழுத்தினால் பாட்டு தாழ்ந்து, கேட்கும் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாம். மக்கள் அவ்வாறு பயன்படுத்தவில்லை. ஆளுக்கொரு பெட்டியை வாங்கிக்கொண்டனர். அடுத்தடுத்த மாதிரிகளில் பொத்தான் நீங்கியது. நாளடைவில் இரண்டாம் துளையும் மறைந்தது.

ஆயினும், எல்லாப் பழியையும் கருவியின்மேல் போடுவது நேர்மையாகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் நம் மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். எங்கள் குடும்பமும் அவ்வாறு வந்ததுதான். நான்காவது மாடியில் குடியேறிய முதல் வாரத்தில் அப்பா வழக்கம்போல் வானொலியை உரக்க வைத்தார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, குழந்தை தூங்குவதாகப் பணிவாகச் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அதற்குப்பின் அப்பா வானொலியின் ஒலியைக் கூட்டவே இல்லை. கருங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் ஒலித்த பாட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டாமடி எடுக்க ஆளில்லாமல் போயிற்று.

குறுந்தட்டு 1982, ஐபாட் 2001, யூடியூப் 2005 என அடுத்தடுத்து வந்தவற்றை நீங்களே அறிவீர்கள். 2013இல் ஸ்போட்டிபை நம் இரு நாடுகளுக்கும் வந்தபோது, நண்பர் இப்போது கேட்கும் பாடலைத் திரையின் ஓரத்தில் காட்டும் வசதியும் கூடவே வந்தது. வேலியோரத்துப் பிள்ளைகளின் ஆவல் இன்னும் சாகவில்லை என்றுதான் அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த ஓரத்தில் பாட்டிமார் பெயர் வருவதில்லை.

இணைய வகுப்பு முடிந்து நேரடி வகுப்பு தொடங்கியபின், அம்மா பாதுகாத்து வைத்திருந்த மைலோ தகரத்தைத் திறந்தேன். அப்பாவின் நாடாக்கள் அதில்தான் இருந்தன. அவற்றுள் ஒன்றை நான் தேடினேன், தேடவும் அஞ்சினேன். அப்பா எழுதிய அஞ்சலட்டை ஒரு தீபாவளிக் காலத்தில் வானொலியில் வாசிக்கப்பட்டது. அதை அவர் நாடாவில் பதிந்து, அழிந்துவிடக் கூடாதென்று நாடாப்பெட்டியின் மேல்விளிம்பில் உள்ள சிறு தகட்டையும் உடைத்து வைத்தார். அவ்விடத்தில் ஒட்டுத்தாளை ஒட்டினால் மீண்டும் பதியலாம் என்ற தந்திரம் அக்காலப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. புதுப்படப் பாட்டு ஒன்று வானொலியில் தொடங்கியது; கையில் வெற்று நாடா இல்லை. அப்பா அதற்காக என்னை ஏசவில்லை. சில நாள் அந்த நாடாவைத் தொடாமல் இருந்தார், அவ்வளவுதான்.

பழைய பதிவுக்கருவி ஒன்றை இரவல் வாங்கி அந்த நாடாவைப் பள்ளிக்குக் கொண்டுசென்று மாணவர்களோடு கேட்டேன். நான் பதிந்த புதுப்பாட்டு நான்கு நிமிடம் ஓடியது. பிறகு 'டக்' என்று ஓர் ஓசை. அதையடுத்து, இடையில் வெட்டுப்பட்ட அறிவிப்பாளரின் குரல்: "...மற்றும் தோட்டத்து நண்பர்கள் அனைவரும் விரும்பிக் கேட்ட பாடல்." அப்பா பெயரும் அம்மா பெயரும் என் பெயரும் அதற்கு முன்னால் எங்கோ அழிந்துபோயிருந்தன. பாடல் முழுமையாக இருந்தது.

"அனைவரும்னா யார் டீச்சர்?" என்று கேட்டான் அந்தப் பாட்டியின் பேரன். கரும்பலகையில் லயத்தின் பத்து வீடுகளையும் கோடு போட்டு வரைந்தேன். முதல் வீட்டிலிருந்து நினைவுக்கு வந்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். ஏழாம் வீட்டில் இருந்தவர்களின் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அன்று மாலை அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுக்கொண்டேன்.